முப்பது வயது போர்தோவைத் திறக்கும் முன்

நான் முதன்முதலில் திறந்த பழைய பிரெஞ்சு ஒயினைக் கெடுத்தது நானேதான். 1986 மெதோக், பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின், பிறந்தநாளுக்கு வந்த பரிசு. அலமாரியில் படுத்துக் கிடந்ததை எடுத்து நண்பர்களிடம் கைக்குக் கை கொடுத்துக் காட்டினேன். கார்க்கைப் பாதியில் உடைத்தேன். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு பரிமாறினேன். கிளாஸில் சேறு மாதிரி ஏதோ மிதந்தது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த பாட்டிலில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று புரிய இரண்டு மூன்று வருடம் ஆனது.

பாரிஸில் குடியிருப்பதால் அதற்கப்புறம் பழைய பாட்டில்கள் அவ்வப்போது கைக்கு வந்தன. தப்புச் செய்து செய்துதான் கற்றுக்கொண்டேன். கற்றதில் முக்கியமானது இதுதான்: இருபது, முப்பது வருடம் மூச்சடக்கி இருந்த ஒயின், கிளாஸுக்கு வந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். அந்த நேரம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். கீழே சொல்லும் அத்தனை வேலையும் அந்த மாற்றத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காக.

எந்த பாட்டில்?

ஒயின் பழசாக ஆக நன்றாகும் என்பதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பங்கு ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியது. அதைப் பதினைந்து வருடம் பூட்டி வைத்தால் வாசமில்லாத புளித்தண்ணீர்தான் மிஞ்சும். வயது தாங்க வேண்டுமானால் ஒயினுக்குத் துவர்ப்பும் புளிப்பும் சத்தும் ஆரம்பத்திலேயே தாராளமாக இருக்க வேண்டும்.

முதல் முறை பழைய ஒயின் ருசிப்பவருக்கு நான் போர்தோவின் இடக்கரையைத்தான் சொல்வேன். ஜிரோந்து முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கும் மெதோக் பகுதி அது. சேந்-எஸ்தேஃப், போய்யாக், சேன்-ஜூலியேன், மார்கோ என்று ஊர்கள் வரிசையாக வரும். கூழாங்கல் நிலம். மழைத் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும், பகல் வெயிலின் சூட்டைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த நிலத்துக்கு ஏற்றது கேபர்னே சோவின்யோன் திராட்சை. சின்னப் பழம், தடித்த தோல், ஆகவே சாயமும் துவர்ப்பும் அதிகம். வலக்கரையில் சேந்-எமிலியோன், பொமரோல் பக்கம் மெர்லோ திராட்சைக்குத்தான் முதலிடம். பொதுவாக அது மென்மையானது, சீக்கிரம் கனிவது. அங்கேயும் ஐம்பது வருடம் தாங்கும் ஒயின்கள் உண்டு. ஆனால் ஒயின் எப்படி முதிர்கிறது என்பதைப் பாடம் மாதிரி காட்டுவது இடக்கரைதான்.

லேபிளில் தரவரிசை ஒன்று தெரியும். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன்பேரில், அன்றைய சந்தை விலையை வைத்துப் போர்தோ தரகர்கள் ஒயின் பண்ணைகளுக்குப் போட்ட பட்டியல் அது. ஐந்து தரங்கள். இன்றுவரை அதில் நடந்த பெரிய மாற்றம் என்றால், 1973-இல் மூத்தோன் ரோத்சில்டு இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான். முதல் தரத்து ஐந்து பேரை விட்டுவிடுங்கள். நல்ல ஆண்டு பாட்டில் ஒன்றுக்கு ஒரு ஸ்கூட்டர் விலை கேட்பார்கள். நாலாம், ஐந்தாம் தரத்தில் ஷாத்தோ தால்போ (ஷாத்தோ என்றால் ஒயின் பண்ணை), லேன்ச்-பாஜ், க்ரான்-புய்-லாகோஸ்த் போன்ற பெயர்கள் உள்ளன. பட்டியலிலேயே இல்லாத 'க்ரூ பூர்ஷுவா' வகையிலும் இருபது வருடத்தைச் சுலபமாகத் தாண்டுபவை கிடைக்கும்.

விளைச்சல் ஆண்டுதான் முக்கால்வாசித் தீர்ப்பு. 1982, 1990, 2000, 2005 பெயர்பெற்ற ஆண்டுகள், விலையும் அப்படியே. 1996 இடக்கரைக் கேபர்னேவுக்கு அருமையான ஆண்டு. 1991-இல் ஏப்ரல் உறைபனி தளிர்களைக் கருக்கிவிட்டது. 1992 மழையில் போனது. கைக்கு அடங்கிய விலையில் வேண்டுமென்றால் 2001, 2004 பாருங்கள். பக்கத்து ஆண்டுகளின் புகழ் வெளிச்சத்தில் மங்கிப்போனவை, ஒயினோ நிதானமானது.

வாங்குமுன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். போர்தோ பாட்டிலுக்கு அகலமான தோள் உண்டு. இருபது வயது ஒயின் கழுத்துக்குள் நிற்க வேண்டும். முப்பதில் கழுத்தின் அடியோ தோளின் மேல்விளிம்போ பரவாயில்லை. நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் சூதாட்டம். அதற்கும் கீழே என்றால் பாட்டிலை ஷோகேஸில் வைக்கலாம். மேல் உறை பிசுபிசுவென்று இருந்தால் ஒயின் கசிந்திருக்கிறது. கார்க் உறையை முட்டிக்கொண்டு மேலே வந்திருந்தால் எங்கேயோ வெயில் பட்டிருக்கிறது. இந்த இரண்டில் எந்த அடையாளம் இருந்தாலும், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே பழைய பிரெஞ்சு ஒயின்களைக் 'கலக்கி'த் தயாரித்த ரூடி குர்னியவானுக்கு 2014-இல் நியூயார்க் நீதிமன்றம் பத்து வருடச் சிறை கொடுத்தது. மாட்டிக்கொண்டது ஒரு வேடிக்கையான தவறால்: பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துப் பொன்சோ குடும்பத்தார் 1980களில்தான் தயாரிக்கத் தொடங்கிய ஒரு ஒயினை, 1945-ஆம் ஆண்டுடையது என்று ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். நாம் வாங்கும் விலையில் போலி செய்து யாருக்கும் கட்டுப்படியாகாது. நமக்கு உண்மையான பயம், பாட்டில் இத்தனை வருடம் யார் வீட்டுச் சமையலறையில் நின்றது என்பதுதான். அதனால் எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்று நாள் முன்பு

பாட்டிலை நேராக நிமிர்த்தி வையுங்கள். இவ்வளவுதான் வேலை. ஆனால் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

சிவப்பு ஒயினின் சாயமும் துவர்ப்பும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனமாகி அடியில் படியும். ரச மண்டி மாதிரி. ஆனால் இது ரசமண்டியைவிட நைஸானது, வாயில் பட்டால் கசப்பு, நறநறப்பு. படுத்துக் கிடந்த பாட்டிலில் பக்கவாட்டில் படிந்திருக்கும். நிமிர்த்தியபின் அது சரிந்து அடிக்குழிவைச் சுற்றித் தங்க ஒரு நாளாவது வேண்டும். மூன்று நாள் என்றால் நிம்மதி. அப்புறம் அதைத் தொடாதீர்கள், விருந்தாளிக்கு எடுத்துக் காட்டாதீர்கள். கார்க்கின் அடியில் கற்கண்டுத் துகள் போல மினுமினுத்தால் அது கண்ணாடி இல்லை. ஒயினிலேயே இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம். கெடுதலும் இல்லை.

அன்று மாலை

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற வாசகம் பிறந்தது ஹீட்டர் இல்லாத பழைய பிரெஞ்சு வீடுகளில். அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள அறையை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 25 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் குழைந்துவிடும். கிளாஸில் 17, 18 டிகிரி இருக்க வேண்டும், கிளாஸுக்கு வந்ததும் சூடு ஏறத்தான் செய்யும், ஆகவே பாட்டில் 15, 16-இல் இருக்கட்டும். வெப்பமான ஊரில் இருப்பவர்கள் பாட்டிலை ஃபிரிட்ஜில் நேராக நிற்க வைத்து, பரிமாறுவதற்கு முக்கால் மணி முன் எடுங்கள். கதவுப் பக்கம் வைக்காதீர்கள். யாராவது பால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மண்டி கலங்கும்.

கிளாஸ் வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். வேலைப்பாடு, நிறம் எதுவும் வேண்டாம். ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். என் வீட்டு கிளாஸ்கள் ஒரு காலத்தில் மசாலா அலமாரிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. எந்த ஒயின் ஊற்றினாலும் 'கொஞ்சம் தனியா வாசம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சாம்பார்ப் பொடி அது! வெந்நீரில் அலசி, வாசமில்லாத துணியால் துடைத்து வையுங்கள். அன்று ஊதுபத்தி வேண்டாம், மல்லிகைப்பூ வேண்டாம், சென்ட் வேண்டாம். மீன் வறுக்கவே வேண்டாம்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். மெதோக்காரர்கள் இதற்கு அடுப்பில் வாட்டிய இளம் ஆட்டுக்கறி வைப்பார்கள், உப்பும் பூண்டும் மட்டும். போய்யாக் ஆடு அந்த வட்டாரத்தில் தனிப் பெயர் பெற்றது. மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு வெண்ணெயில் வதக்கிய காளான், வயதான கோந்தே சீஸ். காரம் வந்த இடத்தில் பழைய ஒயின் வாய் திறக்காது. இதில் எனக்கு அனுபவம் உண்டு, மேலே சொல்லிவிட்டேன்.

கார்க்

உறையை பாட்டிலின் உதட்டுக்குக் கீழே வெட்டி எடுங்கள். கார்க்கின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பயப்படாதீர்கள். ஈரமான நிலவறையில் கிடந்ததற்கு அது சாட்சி. ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

திருகுக் கம்பியைப் பழைய கார்க்கில் இறக்கினால் நடுப்பகுதி மட்டும் தூளாகிக் கையோடு வரும். இதற்கென்றே 'ஆ-சோ' என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு தட்டையான தகடு, ஒன்று சற்று நீளம். நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, அப்புறம் மற்றதைச் செருகி, இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். அழுத்தினால் கார்க் உள்ளே போய்விடும். முழுக்க இறங்கியபின் திருகிக்கொண்டே மேலே இழுங்கள். 1996 போய்யாக் ஒன்றை நான் இப்படி எடுத்தபோது ஐந்து சென்டிமீட்டர் கார்க் முழுசாக வந்தது. கீழ்ப்பாதி நாவல்பழக் கறையாக ஊறியிருந்தது, மேல்பாதி காய்ந்த கட்டை. பக்கவாட்டில் ஷாத்தோவின் பெயரும் ஆண்டும் முத்திரை குத்தியிருந்தன. லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த முத்திரை அதற்காகத்தான்.

உடைந்தால்? உடையட்டும். மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு, சோப்பு வாசமில்லாத மெல்லிய மல் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். ஒயினுக்கு ஒன்றும் ஆகாது, நம் மானம்தான் கொஞ்சம் போகும்.

தெளிவை இறுப்பது

ஒயினை டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றும் இந்தச் சடங்குக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று மண்டியைப் பிரிப்பது. மற்றது காற்றுப் படவைப்பது. முதலாவதில் சண்டை இல்லை. இரண்டாவதில் நிறைய உண்டு. நவீன போர்தோ ஒயின் தயாரிப்பையே மாற்றியமைத்தவர் என்று சொல்லப்படும் எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும் இறுங்கள், அதையும் பரிமாறும் கடைசி நொடியில் செய்யுங்கள் என்றார். காற்று வேண்டுமென்றால் கிளாஸைச் சுழற்றிக்கொள்ளலாம், டிகாண்டரில் பறிபோன வாசம் திரும்ப வராது என்பது அவர் வாதம். மிகப் பழைய ஒயின்களைச் சேர்க்கும் ஃபிரான்சுவா ஓதூஸ் வேறு வழி சொல்கிறார்: நாலைந்து மணி நேரம் முன்பே கார்க்கை எடுத்துவிட்டு பாட்டிலை அசைக்காமல் அப்படியே விட்டுவிடுவது, டிகாண்டரே கிடையாது.

என் வழக்கம் நடுவழி. கார்க் எடுத்ததும் ஒரு ஸ்பூன் அளவு கிளாஸில் விட்டு முகர்வேன். வாசம் ஏற்கெனவே மெல்லியதாக, நடுங்குகிற மாதிரி இருந்தால் இறுத்தவுடன் பரிமாறுவேன். முஷ்டியை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தால் டிகாண்டரில் அரைமணி, சில சமயம் ஒரு மணி. இருபது வயது 2005-க்கு அந்த ஒரு மணி தேவைப்படும், முப்பது வயது 1990-களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். பழைய பர்கண்டியை நான் இறுப்பதே இல்லை. பினோ நுவார் திராட்சையின் வாசம் அத்தனை மென்மை. பாட்டிலிலிருந்தே கை நடுங்காமல் ஊற்றிவிடுவேன்.

செய்யும் முறை: செல்ஃபோனின் டார்ச்சைப் போட்டு ஒரு டம்ளரில் மேல் பார்த்து நிறுத்துங்கள். பாட்டிலின் கழுத்து அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். புளிக்கரைசலைத் தெளிவாக இறுக்கும் அதே கை. ஒருமுறை சாய்த்தால் நிமிர்த்தக் கூடாது, ஒரே ஓட்டமாக, நூல் பிடித்த மாதிரி. முதல் அரை லிட்டர் செங்கல் நிறக் கண்ணாடியாக ஓடும். பிறகு தோளில் மெல்லிய புகை மாதிரி ஒன்று திரளும். அதைத் தொடர்ந்து கறுப்பு இழை ஒன்று கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். இழை கழுத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். பாட்டிலில் அரை டம்ளருக்கும் குறைவாக மிஞ்சும். 'வீணாகிறதே' என்று அதையும் ஊற்றியவன் நான். அந்த அரை டம்ளர் முழு டிகாண்டரையும் கலக்கிவிட்டது.

கண்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயே ஊற்றுங்கள். 750 மில்லி பாட்டிலை ஆறு பேருக்கு மேல் பங்கு போடாதீர்கள், இரண்டாம் சுற்று இல்லாமல் போகும். வெள்ளைக் காகிதத்துக்கு மேலே கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளம் போர்தோ ஓரம்வரை நாவல்பழ ஊதா. பத்து வயதில் மாதுளை. இருபது, முப்பதில் விளிம்பு செங்கல் நிறம், அதற்கப்புறம் கருப்பட்டிப் பாகின் பழுப்பு ஓரத்தில் அகலமாகிக்கொண்டே போகும். நிறம் வெளுத்ததற்காக வருத்தப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது ஒளி. பழுப்பாக இருந்தாலும் விளக்கில் மினுக்கினால் உயிர் இருக்கிறது. தேங்கிய குட்டை மாதிரி மங்கிக் கிடந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது.

கிளாஸின் உள்சுவரில் வழியும் 'கண்ணீர்'த் துளிகளைப் பார்த்துச் சிலர் தலையாட்டுவார்கள். அது ஆல்கஹால் ஆவியாவதால் வரும் பௌதிகம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூக்கு

முதல் முறை கிளாஸைச் சுழற்றாதீர்கள். மேசையிலிருந்து மெதுவாக எடுத்து, மூக்கைக் கிளாஸின் வாயருகே கொண்டுபோய், சின்னதாக ஒரே ஒரு மூச்சு. பழைய ஒயினில் முதலில் எழும்பும் வாசம் மிக லேசானது, சுழற்றினால் அது அடிபட்டுப் போகும். அரை நிமிடம் விட்டு மெல்லச் சுழற்றி, இன்னொரு மூச்சு. மூக்கு சீக்கிரம் களைக்கும். களைத்தால் உங்கள் முன்கையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

என்ன தேடுவது? இளம் வயதில் பழவாசம். போர்தோவுக்குப் பிளாக்கரண்ட் என்பார்கள், நமக்கு அது ஐஸ்கிரீமில்தான் அறிமுகம். அதோடு ஓக் பீப்பாய் கொடுத்த வனிலா, வறுவல் வாசம். வயதாக ஆக இந்த இரண்டும் பின்னால் போய், மூன்றாவது கூட்டம் மேடைக்கு வரும். தேவதாரு மரப்பெட்டி. சுருட்டுப் புகையிலை, பற்ற வைக்காதது. தோல். காளான். போய்யாக் ஒயின்களில் பென்சில் சீவும்போது வருமே, அந்தக் கரியும் மரமும் கலந்த வாசம். பிரெஞ்சுக்காரர்கள் 'சூ-புவா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: மரங்களுக்கு அடியில், மழை ஈரத்தில், இலை மக்கிக் கிடக்கும் தரை. சோலைக்காட்டுக்குள் மழைக்கப்புறம் நடந்தவர்களுக்கு அது உடனே புரியும்.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்தால் பட்டியல்தான் வாசம் வீசும். மூக்குக்குள் முதலில் தோன்றுவதை எழுதுங்கள். அந்த 1996-ஐ முகர்ந்த என் மனைவி, "நாட்டு மருந்துக்கடை" என்றாள். கொஞ்சம் அதிமதுரம், காய்ந்த வேர், பழைய மர இழுப்பறை. நான் பத்து வருடமாகப் படித்த எந்தக் குறிப்பிலும் இத்தனை துல்லியம் இல்லை. காய்ந்த நெல்லி, ஊறிய பேரீச்சை, பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் வரும் காற்று என்று நம் வீட்டிலேயே போதுமான சொற்கள் இருக்கின்றன.

வாய்

இரண்டு ஸ்பூன் அளவு எடுத்து வாய் முழுக்கப் படர விடுங்கள். உதட்டைக் குவித்து ஒயினுக்கு மேலாகச் சற்றுக் காற்றை உள்ளிழுங்கள். ரசம் உறிஞ்சும் சத்தம் வரும், வரட்டும். வாய்க்குள் சூடேறிய வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வழியாக வருவதுதான்.

இனி துவர்ப்பு. இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐரோப்பியர்கள் இதைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தொடு உணர்ச்சி என்று தள்ளிவைத்து, அதைச் சொல்லத் துணி, மணல், பட்டு என்று உவமைக்கு அலைகிறார்கள். அறுசுவையில் துவர்ப்புக்கு நாம் சிறுவயதிலேயே இடம் கொடுத்துவிட்டோம். கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, கொட்டைப்பாக்குக்கும் களிப்பாக்குக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் நாக்குக்கு அத்துப்படி. அறிவியல் சொல்வது சரிதான், எச்சிலில் உள்ள புரதத்தை, துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. ஆனால் எந்த வகை வறட்சி என்று பிரித்துச் சொல்ல நமக்குக் கடுக்காய் இருக்கிறது.

இளம் மெதோக் பிஞ்சு வாழைக்காய்: ஈறைப் பிடித்து இழுக்கும். நன்கு முதிர்ந்தது ஆறிய, பாலில்லாத தேநீர்: நாக்கின் ஓரத்தில் தடவிவிட்டுப் போகும். துவர்ப்பு கொஞ்சமும் கரையாமல் பழச்சுவை மட்டும் வற்றிப்போயிருந்தால் அந்த ஒயின் இனி எத்தனை வருடம் காத்திருந்தாலும் தேறாது. 1970-களின் சில மெதோக்குகளுக்கு இந்தக் கதிதான், எலும்பு நிற்கும், சதை இருக்காது.

புளிப்பைக் கன்னத்தின் உட்புறத்தில் தேடுங்கள், எச்சில் ஊறுகிறதா என்று. பழைய ஒயினை நிமிர்த்தி நிறுத்துவது அதுதான். விழுங்கியபின் மனசுக்குள் எண்ணுங்கள். வாசம் வாயில் எத்தனை நொடி தங்குகிறது? பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நொடியை ஒரு 'கோதாலி' என்று கணக்கிடுவார்கள். பத்தைத் தாண்டினால் நல்லது, இருபதைத் தாண்டினால் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரம்

கிளாஸை முடிக்காதீர்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குப் பழைய ஒயின் ஏமாற்றமாகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு வாய், நேரத்தைக் குறித்து ஒரு வரி. அந்த 1996-க்கு நான் எழுதியது இது:

7.10: துருப்பிடித்த ஆணி. ஈரச் சுவர். பழம் எங்கே?
7.25: சுவர் போய்விட்டது. பென்சில். புளிப்பு தூக்கல்.
7.40: தேவதாரு, அதற்கடியில் ஏதோ கறுப்புப் பழம், காய்ந்தது.
8.00: நாட்டு மருந்துக்கடை. துவர்ப்பு முழுக்க அமர்ந்துவிட்டது. 22 எண்ணினேன்.
8.20: இனிப்பு மாதிரி ஒன்று, சர்க்கரையே இல்லாமல். புகையிலை.
8.50: காளான் மட்டும். மெலிகிறது.
9.15: ஆறிய தேநீர்.

7.10-க்கு ஒரே மடக்கில் குடித்திருந்தால் எனக்குத் துருப்பிடித்த ஆணி மட்டும்தான் கிடைத்திருக்கும். அந்த 1986 மெதோக்குக்கு நடந்ததும் அதுதான். எட்டு மணிக்கு வந்ததற்காகத்தான் இருபத்துச் சொச்சம் வருடக் காத்திருப்பு.

கெட்டதா, தூங்குகிறதா?

முதல் மூச்சில் வரும் எல்லா நாற்றமும் குற்றம் இல்லை. அடைபட்ட வாசம், துரு, லேசான அவித்த முட்டை இவை கால்மணிக் காற்றில் கலைந்துபோகும். கலையாமல் வலுத்துக்கொண்டே போவது ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த கோணிப்பை வாசம். அது கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற பொருளால் வருவது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

நகப்பூச்சு நீக்கி வாசமோ காடி நெடியோ தூக்கலாக இருந்தால் அசெட்டிக் அமில வேலை. கொஞ்சமாக இருந்தால் சகிக்கலாம், முப்பது வயதுக்கு அது சகஜம். வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் என்றால் காற்றுப் புகுந்துவிட்டது. குதிரைலாயம், பிளாஸ்திரி வாசம் வருவது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டால். பழைய போர்தோக்களில் இது லேசாக இருப்பதை ரசிப்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு லாயம் சரி, பிளாஸ்திரி ஆகாது.

சந்தேகமாக இருந்தால் இருபது நிமிடம் கொடுங்கள். அவசரப்பட்டு சிங்க்கில் கொட்டிய ஒரு பாட்டிலின் அடிக்கிளாஸ், மேசையிலேயே மறந்து கிடந்து, ஒரு மணி கழித்து அருமையாகத் திறந்துகொண்டது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிச்சம்

பழைய ஒயினை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. பாட்டில் அடியில் நின்ற மண்டியை மல் துணியில் வடித்து, கறி வதக்கிய வாணலியில் ஊற்றிச் சுண்ட விடுங்கள், வெண்ணெய் ஒரு துண்டு. காலியான கிளாஸ்களை அன்றிரவே கழுவ வேண்டாம். காலையில் காப்பிக்கு முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஈரம் காய்ந்த கிளாஸில் சில சமயம் தேவதாரு மட்டும் தனியாக நிற்கும். டிகாண்டருக்குச் சோப்பு ஆகாது. ஒரு பிடி பச்சரிசி, வெதுவெதுப்பான தண்ணீர், நாலு குலுக்கு, கவிழ்த்துவையுங்கள். மசாலா அலமாரிப் பக்கம் மட்டும் வேண்டாம்.